நிறம் பிடிக்காத குழாய்

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்குள், முன்பின் தெரியாத ஆட்கள் நெருக்கியடித்து நிற்க, என் தங்கை ஒரு ஆஸ்பத்திரியையே வேரோடு திட்டிய வசவு. அதை அப்படியே அச்சில் போட முடியாது. பத்திரிகை ஆசிரியர் தைரியசாலிதான், ஆனால் அவருக்கும் குடும்பம் இருக்கிறது. எனவே வசவைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன். மிச்சம்தான் அதைவிட அசிங்கம்.

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகம், வீடு, வெயில் எல்லாம் பிறகு நான் ஒட்டவைப்பவை. இரண்டு குரல்கள் காதுக்குள் சண்டை போட ஆரம்பித்தால் காகிதத்தை எடுப்பேன். இந்த முறை வந்தவை:

"இருக்கா, இல்லையா?"

"இல்ல."

கேட்டவள் தங்கச்சி. பதில் சொன்னவர் புற்றுநோய் டாக்டர். தங்கச்சியின் இடது மார்பை எடுத்துவிட்டிருந்தார்கள். எடுத்த கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்கான ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அறிக்கையில் இல்லை என்று இருந்தது.

"அப்போ அந்த ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரை?"

"இல்லாதவங்களுக்கு அது வேலை செய்யாதும்மா. உங்களுக்கு கீமோ மட்டும்தான்."

அந்த "இல்லை" தப்பு. அதை எழுதியவர்கள் எழுத்திலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கதைக்கு வேறு நோக்கம் எதுவும் கிடையாது. அழகு, வடிவம், உத்தி என்று எதையாவது இதில் கண்டால் மன்னியுங்கள், பழக்கதோஷம்.

2

முதல் தொடக்கத்தில் ஏற்பியையே பேசவிட்டேன்:

"நான் ஒரு புரதம். ஏறத்தாழ அறுநூறு அமினோ அமிலங்கள் கோத்த இழை. உன் செல்லின் உட்கருவுக்குள், இருட்டில், ஈஸ்ட்ரோஜனுக்காகக் காத்திருக்—"

தங்கச்சி வாங்கிப் படித்தாள்.

"என்னக்கா இது? ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி இருக்கு. 'நான்தான் நுரையீரல்'னு கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு ஒருத்தன் வந்து நிப்பானே."

கிழித்துவிட்டேன். புரதம் காத்திருக்காது, ஏங்காது. அதை மனுஷத்தனமாக்கினால் மனுஷர்கள் தப்பித்துக்கொள்வார்கள். இருப்பதை இருப்பதுபோலவே சொல்கிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும். அவளுக்கு ஆன கதி புரிய இது தெரிந்தே ஆக வேண்டும்.

நீளமான ஒரு இழை தானாக மடிந்து மடிந்து ஒரு கருவியாகிறது. அதன் நடுப்பகுதியில் துத்தநாக அணுக்களைக் கவ்விக்கொண்ட இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. விரல்கள் என்றே அவற்றைச் சொல்கிறார்கள். டி.என்.ஏ.வின் பள்ளத்தைத் தடவிக்கொண்டே போய், தனக்கு வேண்டிய எழுத்து வரிசை வரும் இடத்தில் அவை பிடித்துக்கொள்ளும். கடைசிப் பகுதி ஒரு கூடு. பன்னிரண்டு சுருள்கள் நெருக்கமாக அடுக்கிய கூடு. அதற்குள் எண்ணெய்ப்பசை கொண்ட ஒரு குழி. ஈஸ்ட்ரோஜன் அந்தக் குழிக்குள் அளவெடுத்தாற்போல் போய் உட்காரும். உட்கார்ந்ததும் கடைசிச் சுருள், பன்னிரண்டாவது, மடங்கி வந்து குழியை மூடிபோல் மூடும். மூடியதும் கூட்டின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் அமையும். வேறு புரதங்கள் வந்து அந்தப் பள்ளத்தில் ஒட்டும். ஏற்பிகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வைப் பிடித்திருக்கும். ஜீன்கள் விழிக்கும். செல் பெருகும். கட்டி செல்லாக இருந்தால் கட்டி பெருகும்.

அந்த மாத்திரையும் இதே குழிக்குள்தான் போகிறது. ஆனால் அதற்கு ஒரு நீட்ட வால். டப்பாவுக்குள் கரண்டியை வைத்துக்கொண்டு மூடியை அழுத்திப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான். வால் இடிக்கும், மூடி மூடாது. போக்கிடம் இல்லாத பன்னிரண்டாம் சுருள், மற்றப் புரதங்கள் வந்து ஒட்டவேண்டிய பள்ளத்தில் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் அங்கே யாருக்கும் இடமில்லை. கட்டளை செல்லுக்குப் போகாது.*

ஏற்பி இல்லாத செல்லில் இந்த மாத்திரை வெறும் மாவு. அதனால்தான் இருக்கா, இல்லையா என்ற கேள்விக்கு ஒரு உயிரின் எடை.

* மார்பில்தான் இப்படி. கருப்பையில் இதே மாத்திரை வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று டாக்டர்கள் கடிதம் போட வேண்டாம். எனக்கும் தெரியும். அது வேறு கதை. அதன்மேல் எனக்குத் தனியாக ஒரு கோபம் இருக்கிறது.

3

[இந்த இடத்தில் தங்கச்சியை வர்ணிக்க வேண்டும். "மெலிந்த உடலும் தளராத புன்னகையும்" என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அவள் மெலியவும் இல்லை, புன்னகைப்பதும் இல்லை.]

பள்ளிக்கூடத்தில் நீச்சல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். குளத்தின் ஒரு கரையில் நின்று அதட்டினால் எதிர்க்கரையில் இருப்பவர்கள் முழங்காலை நேராக்கிக்கொள்வார்கள். ரகசியம் பேச வராது. ரகசியத்தையும் விசில் ஊதித்தான் சொல்வாள். இந்தக் கதை எழுதுகிறேன் என்றதும் முதலில் கேட்டது:

"கடைசிப் பக்கம் வரைக்கும் நான் இருப்பேனா?"

"ஏன்டி அப்படிக் கேக்கறே?"

"உன் கதையில வர்ற பொம்பளைங்க பாதியிலேயே போயிடறாங்க. வாசகர்களுக்கு அழுகை வரணும்னு நீ கொன்னுடறே. தண்ணியில தள்ளிவிட்டுட்டு கரையில நின்னு வர்ணிக்கறே."

கீமோ முடிந்து முடி திரும்ப வளர்ந்தது. ஏற்பி கிடையாது என்பதால் மாத்திரையும் கிடையாது. இரண்டாம் வருஷம் குளத்து ஏணியில் ஏறும்போது இடுப்பு விண்ணென்று தெறித்து, ஏறமுடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். படம் எடுத்தார்கள். எலும்பில் வந்திருந்தது. இடுப்பெலும்பில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். இந்த முறை ஏற்பி இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, நிறைய.

புற்றுநோய் டாக்டர் அதை நல்ல செய்திபோலச் சொன்னார்.

"இப்போ பாசிட்டிவ்னு வந்திருக்கு. இனிமே மாத்திரை கொடுக்கலாம்."

"அப்போ இல்லைன்னீங்களே?"

"சில சமயம் கட்டியோட குணம் மாறும்மா."

"கட்டி மாறுச்சா, நீங்க மாத்திப் பேசறீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. இது புத்தகத்துலயே இருக்கு."

புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. நான் தேடிப் படித்தேன். திரும்பி வரும் கட்டிகளில் சிலவற்றில் ஏற்பி புதிதாக முளைப்பதும் உண்டு, மறைவதும் உண்டு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பொய் சொல்லியிருந்தால் பிடித்திருக்கலாம். உண்மையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவரை எங்கே பிடிப்பது?

அறையை விட்டு வெளியே வந்தோம். லிஃப்ட் வந்தது. அந்த வசவு அங்கேதான்.

4

பழைய சதையைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து "இல்லை" என்று எழுதிய டாக்டரை அடுத்து எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

"அவருடைய கண்கள் குளிர்ந்திருந்தன. ஒரு பெண்ணின் ஆயுளைக் கொட்டாவி விட்டபடி அவர்—"

"அவரைப் பாத்திருக்கியா?" என்றாள் தங்கச்சி.

"இல்ல."

"பாக்காமலே எழுதிட்டே. அவரும் அதைத்தானே பண்ணாரு?"

[இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு பத்திகள் தேவைப்பட்டன. இரண்டும் இப்போது குப்பையில்.]

போனோம். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு நீளமான அறை. அட்டைத் தட்டுகளில் கண்ணாடித் தகடுகள் வரிசையாக. மூக்கில் ஏறுகிற ரசாயன நெடி. எதிரெதிராக இரண்டு பேர் பார்க்கும்படியான நுண்ணோக்கி. அதன் பின்னால் இருந்தவருக்குக் கழுத்துவலிப் பட்டை. குளிர்ந்த கண்கள் இல்லை, தூக்கம் கெட்ட கண்கள். என் வில்லன் அங்கேயே பாதி செத்துப்போனான். கோபத்துக்கு ஒரு முகம் கிடைக்காமல் போவது எவ்வளவு பெரிய தொல்லை என்று எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

"ஸ்லைடு பாக்க சொந்தக்காரங்க யாரும் வர்றதில்லம்மா."

"சொந்தக்காரங்க இல்ல. அது என் சதை. காட்டுங்க."

தேடி எடுத்து வைத்தார். அவர் ஒரு பக்கமும் தங்கச்சி மறுபக்கமும் கண்ணைப் பதித்தார்கள். நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதுதான் தெரியும்.

"ஏற்பியை மட்டும் பிடிக்கிற ஒரு மருந்து ஊத்துவோம். பிடிச்ச இடம் பழுப்பா மாறும். இங்க பாருங்க, கட்டி செல் எல்லாம் நீலம். பழுப்பே இல்ல. அதான் நெகட்டிவ்."

"ஓரத்துல வளையல் மாதிரி வட்டமா இருக்கே, அது?"

"அது நல்ல குழாய். பால் வர்ற குழாய். கட்டி வந்து அழிக்காம விட்டது."

"நல்ல சதையிலயும் இந்த ஏற்பி இருக்குமா?"

"இருக்கும். எல்லா பொம்பளைங்களுக்கும் கொஞ்சமாவது—"

இந்தக் கதையில் எத்தனையோ வாக்கியங்களை நான் பாதியில் விட்டிருக்கிறேன். இது மட்டும் நான் விட்டதில்லை. அவர் விட்டது.

அவருடைய கை திருகைத் திருப்பியது. பெரிதாக்கிப் பார்த்தார். நகர்த்தி இன்னொரு வளையலைப் பார்த்தார். தங்கச்சி கண்ணை எடுக்கவில்லை.

"அதுவும் நீலமாத்தானே இருக்கு?" என்றாள்.

"ஆமா."

"இருக்க வேண்டிய இடத்துலயே காட்டலைன்னா, கட்டியில மட்டும் இல்லைன்னு எப்படிச் சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்தார். கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். தப்பித்துக்கொள்ள அவருக்கு நேரம் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

"இது நெகட்டிவ் இல்லம்மா."

"பாசிட்டிவா?"

"அதுவும் இல்ல. இது டெஸ்ட்டே ஆகல."

5

எப்படி நடந்தது என்று அவரே சொன்னார். நான் திட்டியதால் சொல்லவில்லை. திட்டிக்கொண்டிருந்தேன், அது வேறு.

ஒவ்வொரு தடவையும் பரிசோதனைத் தகடுகளோடு, ஏற்பி உண்டென்று ஏற்கெனவே தெரிந்த வேறு யாரோ ஒருவரின் சதையையும் ஒரு தகட்டில் சேர்த்து ஓட்டுவார்கள். அது பழுப்பானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அன்றைக்கும் அது அழகாகப் பழுப்பாகியிருந்தது. அதைப் பார்த்தார், சரி என்று குறித்தார், தங்கச்சியின் தகட்டுக்குப் போனார், நீலத்தைப் பார்த்தார், "இல்லை" என்றார். மருந்து நன்றாக இருந்தது. தங்கச்சியின் சதை நன்றாக இருந்ததா என்பதை அந்த வேற்றாள் சதை சொல்லாது. அதைச் சொல்ல அவளுடைய நல்ல குழாய்தான் சாட்சி. சாட்சி கூண்டில் ஏறி நின்றிருக்கிறது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

சதை ஏன் கெட்டது? அறுத்தெடுத்த மார்பை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும். அந்தத் திரவம் சதைக்குள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்கிற வேகத்தில்தான் ஊறும். எனவே முதலிலேயே துண்டு துண்டாகக் கீறிவிட வேண்டும். அவளுடைய அறுவை வெள்ளிக்கிழமையின் கடைசி. இந்த இடத்தை நான் பார்க்கவில்லை, லேப் ஆளும் ஆப்பரேஷன் தியேட்டர் ஆளும் பேசுவதைக் கேட்கிறேன்:

"கீறாம அனுப்பியிருக்கீங்க?"

"அது உங்க லேப் வேலை."

"லேப் மூடியாச்சு. தியேட்டர்லதான் கீறணும்."

"நாங்க கீறினா கட்டியோட ஓரம் தெரியலன்னு நீங்கதான் கத்துவீங்க. பக்கெட்டை வாங்கி வைங்க."

பக்கெட்டை வாங்கி வைத்தார்கள். உள்ளே மார்பு முழுசாக. திங்கட்கிழமை வரை. வெளித்தோல் பதமானது. நடுவில் கட்டி தன் சாற்றிலேயே ஊறிக் கெட்டது. குழி, பன்னிரண்டு சுருள்கள், மூடி, விரல்கள், எல்லாம் அங்கேதான் இருந்தன, நூலாக அவிழ்ந்து. மருந்து வந்து பிடிக்க உருவம் எதுவும் மிச்சமில்லை.

எத்தனை கோடி வருஷம் மடிந்து மடிந்து உருவான ஒரு பொருள்! ஒரு அணு தள்ளி உட்கார்ந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற பொருள். அதை விசாரிக்கப் போன மனிதர்களுக்கு ஒரு பக்கெட்டை யார் திறப்பது என்று முடிவாகவில்லை. ஒரு கத்தி, நாலு கீறல், அதற்கு—

[இந்தப் பத்தி மேலும் அரைப் பக்கம் போனது. ஆசிரியர் வெட்டிவிடுவார் என்று நானே வெட்டினேன். அவர் வெட்டியிருந்தால் அவரையும் திட்டியிருப்பேன்.]

6

அந்த மார்பின் விளிம்பிலிருந்து எடுத்த இன்னொரு துண்டு மெழுகில் பதித்து வைக்கப்பட்டிருந்தது. தோலுக்குப் பக்கத்தில் இருந்ததால் அங்கே திரவம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கட்டியின் ஒரு நுனியும் அதில் இருந்தது. டாக்டர் அதைச் சீவி மறுபடி பரிசோதித்துவிட்டுக் கூப்பிட்டார்.

இந்த முறை நானும் கண்ணை வைத்தேன். வளையல்கள் பழுப்பு. கட்டியும் பழுப்பு, தேநீர்க்கறைபோல, தகடு முழுக்க.

"மாறலம்மா," என்றார். "முதல்லேர்ந்தே இருந்திருக்கு."

தங்கச்சி கத்துவாள் என்று எதிர்பார்த்து நான் கதவைச் சாத்தினேன். அவள் கத்தவில்லை.

"ரெண்டு வருஷம்," என்றாள்.

அவர் தலை அசைத்தார்.

"மாத்திரை சாப்பிட்டிருந்தா எலும்புக்குப் போயிருக்காதா?"

"அதை யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா. போகாம இருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு."

"மன்னிப்பு கேக்கப் போறீங்களா?"

"கேக்கணும்."

"அதை அப்புறம் கேளுங்க. அந்தப் பக்கெட் வெள்ளிக்கிழமைல என்னது மட்டும்தானா?"

அவர் அலமாரியைப் பார்த்தார்.

"எல்லா வாரமும் வெள்ளிக்கிழமை வருதே, டாக்டர்."

"பழைய ஸ்லைடெல்லாம் எடுத்துப் பாக்கணும்னா மேல கேக்கணும்மா."

"மேலன்னா எந்த மாடி? லிஃப்ட் போகுமா?"

7

மேலே குளிர்சாதன அறையில் இருந்த நிர்வாகி மிகவும் மரியாதைக்காரர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தண்ணீர் வரவழைத்தார். அப்படிப்பட்டவர்களை எழுதுவது சுலபம், அவர்கள் பேசுவதை எழுதினாலே போதும்.

"மேடம், உங்களுக்கு இப்போ சரியான சிகிச்சை கிடைக்குது. அதுதானே முக்கியம்? பழைய ரிப்போர்ட் அப்படியே இருக்கட்டும். புதுசா ஒண்ணு தர்றோம். 'கட்டியின் தன்மை மாறியுள்ளது'ன்னு போட்டுடலாம்."

"மாறலைன்னு உங்க டாக்டரே சொல்றாரு."

"அது டெக்னிக்கல் விஷயம் மேடம்."

"மாறிடுச்சுன்னு போட்டா மத்த வெள்ளிக்கிழமைப் பொம்பளைங்க யாரையும் திரும்பக் கூப்பிட வேண்டாம், இல்ல?"

அவர் தண்ணீர்த் தம்ளரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். தங்கச்சி எழுந்துகொண்டாள், இடுப்பைப் பிடித்தபடி. அவர் தருவதாகச் சொன்ன புதுக் காகிதத்தை வாங்கவில்லை.

"'டெஸ்ட் ஆகல, நாங்கதான் ஏற்பி இல்லைன்னு தப்பா சொல்லிட்டோம்'னு எழுதுங்க. அன்னிக்கு வர்றேன்."

அவள் வெளியே போன பிறகு நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். திட்டுவதற்குத் தொண்டையைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். பிறகு திட்டினேன்.

8

முடிவுகள்.

முதல் முடிவில் தங்கச்சி இறந்துபோகிறாள். மூன்று பக்கம், மழை உண்டு. அவளிடம் காட்டினேன்.

"மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு இடுப்பு வலி குறைஞ்சிருக்கு. அடுத்த மாசம் தண்ணியில இறங்கலாம்னு பாக்கறேன். நீ என்னடான்னா மழையைக் கூட்டிட்டு வந்து நிக்கறே," என்றாள். மழை அவளுக்குப் பிடிக்கும், அதனால் மழையை மட்டும் விட்டுவைத்து மற்றதை அடித்தாள். மாத்திரை எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே போதும், ஹார்மோன் வராமலேயே மூடி தானாக மூடிக்கொள்ளுமாம். அவளுக்கும் அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

இரண்டாம் முடிவில் கழுத்துப் பட்டை டாக்டர் மாடி ஏறிப் போய்த் திருத்திய அறிக்கையை மேசைமேல் வைக்கிறார். "வேலை போனா போகட்டும்" என்கிறார். நன்றாக வந்திருந்தது. ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதி அவருக்கு ஒரு மாலையைச் சும்மா போட எனக்கு மனம் வரவில்லை. தங்கச்சி போன் செய்யும்போதெல்லாம் "எழுதறேம்மா, எழுதிட்டே இருக்கேன்" என்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எழுதாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? என் பிழைப்பே அதுதான்.

மூன்றாம் முடிவில் நான்—

"நீ எதுவும் எழுதாதே," என்றாள் தங்கச்சி. "முடிச்சு வச்சா படிக்கிறவங்க அய்யோ பாவம்னு புத்தகத்தை மூடிட்டுத் தூங்கப் போயிடுவாங்க. தூங்கவிடாதே."

அதனால் முடிக்கவில்லை.

உங்களைத்தான். உங்கள் வீட்டில், இல்லையென்றால் பக்கத்து வீட்டில், வேலை செய்யும் இடத்தில், "ஏற்பி இல்லை" என்ற அறிக்கையோடு ஒரு பெண் இருக்கலாம். பலருக்கு அது உண்மையாகவே இல்லைதான். ஆசைகாட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவளுடைய தகடு ஏதோ ஒரு அலமாரியில் இருக்கிறது. கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அவளோடு போங்கள். உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள், தண்ணீர் கொடுத்தால் குடிக்காதீர்கள். இந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள். பிறகு டாக்டர் சொல்வதை, சொல்லாமல் பாதியில் விட்டால் அந்தப் பாதியை, கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னுடைய கதைக்கு அதுதான் கடைசி வரி.

"டாக்டர், கட்டிக்குப் பக்கத்துல இருந்த நல்ல குழாய் நிறம் பிடிச்சுதா?"

"